மூன்று ஊருக்கும் சொந்தமான சட்டத்தரணி

என் நண்பன் கனடாவில் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்துக்குப் போக ஆசைப்பட்டான். அவன் போகாமல் இருப்பதற்குப் பலர் தங்களாலான பணியைச் செய்தார்கள். அதை எழுத்தில், வண்ண அட்டையுடன், மூன்று பதிப்புகளாகச் செய்தவன் நான் ஒருவன்தான்.

நண்பன் சட்டத்தரணி. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் அவனுடைய அலுவலகம். கீழ்க்கடை இடியப்ப வாசனை படியேறி வந்து வாடிக்கையாளர்களோடு சேர்ந்து காத்திருக்கும். சட்டத்தரணி என்றதும் கறுப்பு அங்கியும் குறுக்கு விசாரணையும் நினைவுக்கு வந்தால் அது உங்கள் பிழை. இருபது வருடங்களாக அவன் செய்துவந்தது வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பத்திரம் முடித்துக் கொடுப்பது. பிக்கரிங் நகரில் வாங்கினாலும் மார்க்கம் நகரில் விற்றாலும் அவன் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "இதிலை ஒரு சைன், இதிலை ஒரு இனிஷல்." நீதிமன்றத்தில் அவன் வாய் திறந்து வாதாடியது ஒரே ஒரு தடவை. தன்னுடைய பார்க்கிங் டிக்கெட்டுக்காக. தோற்றுப்போனான்.

ஆகவே, எங்கள் தொகுதியில் கட்சி புது வேட்பாளர் தேடுகிறது என்ற செய்தி வந்த அன்று அவன் தொலைபேசியில் சொன்னதை நான் பகிடியாக எடுக்கவில்லை.

"மச்சான், எனக்கு மந்திரிப் பதவி வேண்டாம். காருக்குக் கதவு திறந்துவிட ஆள் வேண்டாம். ஒரு சபையிலை எழும்பி நிண்டு கதைக்கவேணும். நான் கதைக்க ஆக்கள் இருந்து கேக்கவேணும். பேப்பரைத் தள்ளித் தள்ளிக் குடுத்தே எனக்கு வயசு போகுதடா."

அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. வீட்டில் அவன் பேசினால் யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான் என்பதால் உடனே உதவுவதாக வாக்களித்தேன்.

வேட்பாளரைத் தெரிவு செய்வது தொகுதியில் உள்ள கட்சி அங்கத்தவர்கள். எங்கள் தொகுதியில் அந்த அங்கத்தவர்களில் பெரும்பகுதி இலங்கையிலிருந்து வந்த நம்மவர்கள். நண்பனுக்குப் போட்டியாக நின்றவர் ஒரு பல் வைத்தியர். பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் இருக்கும் வாங்குகளில் எல்லாம் அவருடைய சிரிப்பை ஒட்டியிருந்தார்கள். அவருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அவருடைய கதிரையில் படுத்திருக்கும் வாக்காளர் எவரும் எதிர்த்துப் பேச முடியாது.

நம்மவர்களிடம் வாக்குக் கேட்பதற்கு ஒரு வாழ்க்கை வரலாற்றுக் கையேடு வேண்டும். கொள்கை விளக்கம் அல்ல. கொள்கையை யார் வாசிக்கிறார்கள்? ஆள் யார், தகப்பன் யார், எங்கே படித்தவன் என்று தெரியவேண்டும். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அலுவலக நேரத்தில் கார்க் காப்புறுதிக் கோரிக்கைகளை நிராகரிப்பவன்; மிச்ச நேரத்தில், மரக்கறிக் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் ஒரு வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுபவன். இவற்றைவிட முக்கியமான தகுதி ஒன்றும் இருந்தது. தெரிந்தவர்கள் வீடுகளில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவு மலர்களில் பத்துப் பன்னிரண்டு பேருடைய வரலாறு என் கையால் எழுதப்பட்டது. வாழ்க்கை வரலாற்றில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது. எழுதப்பட்டவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

முதல் பிரதியை நண்பனின் மனைவி சமையலறை மேசையில் வைத்து வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணை, வாசிக்க எனக்கு அழுகை வருது."

"அவ்வளவு நல்லா வந்திருக்கோ?"

"'எவரோடும் முகம் கோணாதவர், இன்முகத்தோடு விருந்தோம்பியவர்' எண்டு போட்டிருக்கிறியள். உந்த மனுசன் உயிரோடை மேலை குளிச்சுக்கொண்டிருக்கிறார், அண்ணை."

உண்மைதான். எனக்கு வாழ்க்கை வரலாற்றை இறந்தகாலத்தில் மட்டும்தான் எழுதத் தெரிந்திருந்தது. உயிரோடு இருப்பவரை எப்படிப் புகழ்வது என்பதற்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது.

அப்போதுதான் என் அலுமாரியில் கிடந்த அமெரிக்கர் உதவிக்கு வந்தார். எங்கள் நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களை வாசலில் ஒரு தள்ளுவண்டியில் போட்டு வைப்பார்கள். அதிலிருந்து நான் ஒருநாள் தூக்கி வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலை மாவட்டத்தைப் பற்றி எழுதிய சரித்திரம். செங்கல் கனம். முன்பாதி சரித்திரம், பின்பாதி மாவட்டத்துப் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகள். யார் பெரிய மனிதர் என்று தீர்மானிக்க அந்தப் பதிப்பாளரிடம் சுலபமான வழி இருந்தது. புத்தகத்துக்கு முற்பணம் கட்டியவர் பெரிய மனிதர். கூடக் கட்டியவருக்குப் படமும் உண்டு. காசு கட்டியவருக்குப் படம் போடும் நமது ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள் நமது சொந்தக் கண்டுபிடிப்பு என்று அதுவரை நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் அமெரிக்கர் சட்டத்தரணியாக இருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். அவருக்கு இரண்டரைப் பக்கமும், மீசையில்லாத தாடியோடு ஒரு படமும் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய வாழ்க்கையை நான் அந்தக் கிழமையில் ஏழெட்டுத் தடவை வாசித்தேன். மர வீட்டில், கமக்காரர் ஒருவரின் ஆறாவது பிள்ளையாகப் பிறக்கிறார். வயலில் வேலையில்லாத பனிக்கால மாதங்களில் மட்டும் பள்ளிக்கூடம். பதினேழு வயதில் அவரே வாத்தியார் ஆகிறார். மாணவர்களில் இரண்டு பேர் அவரைவிட உயரம். பிறகு ஒரு வயதான சட்டத்தரணியின் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, அங்கே இருந்த இரண்டே இரண்டு சட்டப் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். சட்டத்தரணிக்கான சோதனை என்பது ஒரு நீதிபதி குதிரையில் ஏறுவதற்கு முன் கேட்ட மூன்று கேள்விகள். சித்தியடைந்துவிடுகிறார்.

அதன்பின் அவர் மேற்கே, மதுக்கடை மூன்றும் சட்டத்தரணி பூச்சியமும் இருந்த ஒரு புது ஊருக்குப் போய்ப் பலகை தொங்கவிடுகிறார். வந்த வழக்கெல்லாம் காணி வழக்கு. ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றவர், இல்லாத காணியை விற்றவர், விற்ற காணியில் இன்னும் குடியிருந்தவர். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். என் நண்பனின் உத்தியோகமேதான். குதிரை மட்டும்தான் வித்தியாசம்.

பிறகு சட்டமன்றம். தெருவிலே திரியும் பன்றிகளை உரிமையாளர்கள் பட்டியில் அடைக்கவேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்து, அதற்காக ஒரு பகல் முழுக்கப் பேசி, நிறைவேற்றியும் விடுகிறார். அவருடைய தொகுதியில் பன்றி வைத்திராத வாக்காளர் ஒருவரும் இல்லை. அடுத்த தேர்தலில் அவர் தோற்றதை வரலாற்றாசிரியர், அன்னார் தமது பழைய தொழிலின் அமைதியை நாடினார் என்று பெருந்தன்மையோடு எழுதியிருந்தார். இடையில் ஒரு தடவை கட்சி மாறியதை எழுதவேயில்லை. முதல் பக்கத்தில் ஒரு கட்சி, மூன்றாம் பக்கத்தில் வேறு கட்சி. நாமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும்.

நான் அவரைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நண்பனை எழுதினேன். பனிக்காலப் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக, பதினான்கு வயதில் ஜனவரி மாதம் ஒன்றில் மெல்லிய சப்பாத்தோடு வந்து இறங்கி, ஆங்கிலம் தெரியாதவர்களின் வகுப்பில் குந்தியது. கூட்டித் துடைத்ததற்குப் பதிலாக, ஒரு சட்டத்தரணியின் கீழே பயிற்சி என்ற பெயரில் ஒரு வருடம் போட்டோகொப்பி எடுத்தது. பன்றிக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பச்சைக் குப்பைத்தொட்டியின் மூடியை இரவில் ரக்கூன் என்ற பிராணிகள் வந்து திறப்பது பற்றி நண்பன் நகரசபைக்கு நாலு கடிதம் எழுதியிருந்தான். அதைப் பொதுநலப் போராட்டம் என்ற தலைப்பில் போட்டேன்.

"அடேய், பண்டியைத் துரத்திப்போட்டு அந்த இடத்திலை ரக்கூனைக் குடிவைச்சிருக்கிறாய், என்ன?" என்றான் அவன், இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு.

"உன்னட்டை வேறை என்ன இருக்கு? சொல்லு, எழுதுறன்."

பிரதியை என்னிடமே திருப்பித் தந்தான். "ரக்கூன் இருக்கட்டும்."

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அமெரிக்கரின் வரலாற்றில் கடைசி வரியாக ஒரு அழகான வசனம் இருந்தது. அவரைத் தம்முடையவர் என்று சொல்லிக்கொள்வதில் மூன்று மாவட்டங்கள் பெருமைப்படுகின்றனவாம். பிறந்தது ஒன்று, படிப்பித்தது ஒன்று, தொழில் செய்தது ஒன்று. எனக்கு அந்த வசனத்தில் ஆசை விழுந்துவிட்டது. நண்பனுக்கும் ஊர் மூன்று. தகப்பனுடைய ஊர் ஒன்று. தாய்க்குச் சீதனமாக வந்த வீடு தாயின் ஊரில் இருந்ததால் அவன் பிறந்து எட்டு வயது வரை வளர்ந்தது அங்கே. பிறகு ஷெல் விழுந்து, இடம்பெயர்ந்து ஆறு வருடம் இருந்தது மூன்றாவது ஊரில். மூன்று ஊருக்கும் இங்கே சங்கம் இருக்கிறது. மூன்று சங்கத்திலும் நிறையக் கட்சி அங்கத்தவர்கள் இருந்தார்கள். ஊர்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எதை முதலாவதாக எழுதினேன் என்பதுதான் அடுத்த பிரச்சினையாக இருக்கும்.

மூன்று ஊர்களும் உரிமை கொண்டாடும் மைந்தர் என்று எழுதி, ஊர்களை வரிசையாகப் போட்டு, மூன்று சங்கங்களுக்கும் பார்வைக்கு அனுப்பினேன். அமெரிக்கருடைய மாவட்டங்கள் ஒன்றுக்கொன்று குதிரையில் இரண்டு நாள் தூரம். நமது மூன்று சங்கங்களின் தலைவர்களும் ஒரே கடையில் பாண் வாங்குபவர்கள். இந்த வேறுபாட்டை நான் கவனித்திருக்க வேண்டும்.

முதலில் தொலைபேசியில் எடுத்தவர் தகப்பன் ஊர்ச் சங்கத் தலைவர். "தம்பி, ஒரு ஆளின்ரை ஊர் எண்டால் தகப்பன்ரை ஊர்தானே? எங்களை மூண்டாவதாப் போட்டிருக்கிறீர்."

அரை மணித்தியாலத்தில், அந்தக் கதை காதில் விழுந்த தாய் ஊர்த் தலைவர். "பிள்ளை பிறந்து தவழ்ந்தது எங்கட மண்ணிலை. உதிலை என்ன விவாதம்?"

இடம்பெயர்ந்த ஊர்த் தலைவர் மட்டும் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். தேத்தண்ணியைக் கையில் வாங்கியபடி, "ஓடி வந்தவங்களுக்கு இடம் குடுத்தவை நாங்கள்," என்றார். "அந்த நன்றி ரெண்டாவது வரியிலையோ இருக்கவேணும்?"

நண்பனைக் கேட்டேன். "மூண்டு பேருக்கும் ஓம் எண்டு சொல்லிவிடு," என்றான். தானும் மூன்று பேருக்கும் தனித்தனியே ஓம் என்று சொல்லியிருப்பதாகத் தெரிவித்தான். சட்டமன்றத்துக்கு ஏற்ற ஆள்தான் என்று எனக்கு அப்போது நம்பிக்கை பிறந்தது.

கையேட்டை மூன்று பதிப்பாக அடித்தேன். அட்டை ஒன்றே, முதல் பக்கம் மட்டும் வேறு. ஒன்றில் அவன் தந்தையின் மண் தந்த தலைமகன். ஒன்றில் தாய்மண் ஈன்ற செல்வன். ஒன்றில் வந்தாரை வாழவைத்த ஊர் வளர்த்தெடுத்த பிள்ளை. ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஒவ்வொரு சங்கத்துக்கும் அதனதன் கட்டு. எனக்கு அன்று இருந்த கர்வத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

நான் மறந்துபோனது ஒன்றுதான். அந்த மூன்று ஊர்களும் தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. ஸ்காபரோவில் ஒரு கட்டிலில் இரண்டு சங்கம் படுத்திருக்கிறது. புருசனுக்கு ஒரு பதிப்பும் பெண்சாதிக்கு இன்னொரு பதிப்புமாக, ஒரே வீட்டுக்கு இரண்டு வரலாறு போயிருந்தது.

தெரிவுக் கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், பாடசாலை விளையாட்டு மண்டபத்தில். நான் நாலாவது வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அங்கிளும் அன்ரியும். கூட்டம் தொடங்கத் தாமதமானதால், வேறு வழியில்லாமல், கையேட்டை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

"இஞ்சாருங்கோ, உங்கடையிலை என்ன போட்டிருக்கு?"

"தந்தையின் மண் தந்த தலைமகன் எண்டு. ஏன்?"

"என்ரையிலை தாய்மண் ஈன்ற செல்வன் எல்லோ. அப்ப ரெண்டு பேரோ கேக்கினம்?"

"படம் ஒண்டுதானே. கண்ணாடியைப் போட்டிட்டுப் பாரும்."

பக்கத்து வரிசையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "எனக்குத் தந்ததிலை முதல் வரியிலையே எங்கட ஊர்தான் வளர்த்ததாம். நீங்கள் ரெண்டு பேரும் கடைசி வரியிலை வாறியள்."

அதன்பின் மண்டபம் முழுக்கக் கையேடுகள் கைமாறத் தொடங்கின. என் எழுத்தை நம்மவர்கள் அவ்வளவு கவனமாக, வரிக்கு வரி ஒப்பிட்டு வாசித்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

வேட்பாளரை ஆதரவாளர்கள் ஊர்வலமாக மேடைக்கு அழைத்துப் போவது வழக்கம். வாசலில் மூன்று தலைவர்களும் மூன்று பொன்னாடையோடு நின்றார்கள். மூவரும் முன்னுக்குப் போகவேண்டும் என்றார்கள். கட்சி அலுவலகத்திலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரப் பெண், மூன்று வேட்பாளர்களா என்று பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். தகப்பன் ஊர்த் தலைவர் என்னைக் கண்டுகொண்டார்.

"தம்பி, எழுதினது நீர்தானே?"

"ஓம் அண்ணை."

"அப்ப இந்தச் சனத்துக்கு முன்னாலை இப்ப சொல்லும். உவர் எந்த ஊர்?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் நடுவில், புதுக் கோட்டில், கடவுச்சீட்டில்லாமல் எல்லையில் பிடிபட்டவன் மாதிரி நின்றான். கடைசியில் ஒருவரும் அவனை அழைத்துப் போகவில்லை. மனைவி முதுகில் கை வைத்துத் தள்ள, தனியாக நடந்து மேடைக்குப் போனான். மூன்று பொன்னாடையும் மடிப்புக் கலையாமல் வாசலில் நின்றன.

ஒருவருக்கு ஐந்து நிமிடம். பல் வைத்தியர் மூன்று நிமிடம் பேசி, இரண்டு நிமிடம் சிரித்தார். அடுத்தது நண்பன். கையில் நான் எழுதிக் கொடுத்த பேச்சு இருந்தது. வீட்டு வாடகை, பஸ், ஆஸ்பத்திரி, ரக்கூன். அதைப் பார்த்தான். மடித்துப் பைக்குள் வைத்தான்.

"எல்லாரும் என்னட்டை ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டு நிக்கிறியள்," என்று ஆரம்பித்தான். "தகப்பன்ரை ஊருக்கு நான் ரெண்டு தரம் போயிருக்கிறன். ரெண்டு தரமும் செத்த வீடு. தாயின்ரை ஊரிலை எட்டு வருசம். ஓடிப்போய் இருந்த இடத்திலை ஆறு வருசம். இந்த ஸ்காபரோவிலை முப்பத்திநாலு வருசம் இருக்கிறன். என்ரை தகப்பனையும் தாயையும் இஞ்சைதான் எரிச்சனான். பிள்ளையள் பிறந்தது இஞ்சை. உங்களிலை அரைவாசிப் பேருக்கு வீட்டுத் திறப்புக் கொத்தை என்ரை கையாலைதான் தந்தனான். இனி நீங்களே சொல்லுங்கோ, நான் எந்த ஊர்?"

பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னான். இருபது வருடமாகச் சைன் வைக்கச் சொன்ன வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பின் சுவரோடு நின்ற இளம் பிள்ளைகள் கைதட்டி, விசிலும் அடித்தார்கள். அவர்கள் தாய் தகப்பனைக் காரில் ஏற்றி வந்தவர்கள், வாக்கில்லாதவர்கள். வாக்குள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அதுவரை இரண்டு ஊருக்குத்தான் மனக்குறை இருந்தது, எந்த இரண்டு என்பதில் மட்டும் சந்தேகம். ஐந்து நிமிடத்தில் அவன் அதை மூன்றாக்கிவிட்டான்.

முதல் சுற்றிலேயே பல் வைத்தியர் வென்றார். அவருடைய ஊர், என் நண்பனின் மூன்று ஊர்களுக்கும் உதைபந்தாட்டத்தில் பரம எதிரி. இடம்பெயர்ந்த ஊர்த் தலைவரிடம் அதைச் சொல்லிக் கேட்டேன்.

"வாஸ்தவம். எங்கட ஆக்கள் உவருக்குத்தான் போட்டவை," என்றார் ஒளிவுமறைவில்லாமல். "என்ன செய்யிறது, தம்பி? அந்தாளுக்கு ஒரு ஊரெண்டாலும் ஒழுங்கா இருக்கு."

வாகனத் தரிப்பிடத்தில் நண்பன் காரை இயக்காமல் இருந்தான். மனைவி பின் சீற்றில். நான் முன்னால் ஏறி, மன்னிப்புக் கேட்க வசனம் தேடினேன். மனம் வருந்துகிறோம் என்ற வகை வசனம்தான் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு அந்த வகையில்தான் பயிற்சி.

"விடடா," என்றான். "நீ எழுதினாய். ஓம் எண்டு சொன்னவன் நான்தானே."

"பேச்சு நல்லா இருந்தது," என்றார் மனைவி பின்னாலிருந்து. "நான் முழுக்கக் கேட்டனான்." அவன் முன் கண்ணாடியில் அவரைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

அப்போது யாரோ கார்க் கண்ணாடியில் தட்டினார்கள். இடம்பெயர்ந்த ஊர்த் தலைவர்தான். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, "தம்பி, மனசிலை ஒண்டும் வைச்சிருக்காதையும்," என்றார். "எங்கட சங்கம் ரெண்டா உடையிற மாதிரிக் கிடக்கு. யாப்பை, அதுதான் சங்கத்தின்ரை சட்டதிட்டத்தை, திருத்தி எழுத ஒரு படிச்ச பிள்ளை வேணும். உம்மை மாதிரி எங்கட ஊர் ஆள் வேறை ஆர் இருக்கினம்?"

அரை மணித்தியாலத்துக்கு முன் அவனுக்கு எதிராக வாக்குப் போடுவித்த மனிதர். நான் நண்பனின் முகத்தைப் பார்த்தேன். கோபிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"வாறன் அண்ணை," என்றான்.

இரண்டு மாதம் இருந்து எழுதினான். அலுவலகத்தில் வீட்டுப் பத்திரங்களை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, பிரிவு, உபபிரிவு, விளக்கக் குறிப்பு என்று இருபத்தாறு பக்கம். அதிலே அவன் மிகவும் பாடுபட்டது அங்கத்தவர் யார் என்ற நாலாம் பிரிவில். அந்த ஊரில் பிறந்தவர்களும், அவர்களின் பிள்ளைகளும், யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து வந்து மூன்று வருடத்துக்குக் குறையாமல் வாழ்ந்தவர்களும் என்று எழுதியிருந்தான். பொதுக்கூட்டத்தில் அந்தக் கடைசிச் சொற்றொடருக்கு எதிர்ப்புக் கிளம்பியது. அவன் எழுந்து நின்று அதற்காக வாதாடியிருக்கிறான். கூட்டத்துக்கு நான் போகவில்லை. முடிந்ததும் தொலைபேசியில் எடுத்தான்.

"பிரிவு நாலு தோத்துப்போச்சு, மச்சான். பிறந்தவையும் அவையின்ரை பிள்ளையளும் மட்டும்தான் அங்கத்தவர் எண்டு முடிவு."

"அப்ப நீ?"

"நான் இப்ப அங்கத்தவர் இல்லை. நான் எழுதின யாப்பின்படி என்னை எடுக்கேலாது." மூச்சு வாங்கினான், மாடிப்படி ஏறுகிறானாக்கும் என்று நினைத்தேன், பிறகுதான் சந்தோசம் என்று விளங்கியது. "ஆனா நாப்பது நிமிசம் கதைச்சனடா. ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை. வடை வந்தும் ஒருத்தரும் எழும்பேல்லை."